துடக்கும் தொற்றும்: வன்னிநாட்டுத் தாய்மார் வரலாற்றில் ஓர் ஏடு

வன்னிநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னியர் செலுத்திய திறையையும், ஒல்லாந்தரோடும் ஆங்கிலேயரோடும் அவர் பொருத போர்களையும், அந்நாட்டின் குளங்களையும் விரித்துரைத்தனர். 1803ஆம் ஆண்டு பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒற்றோபர்த் திங்களிற் கற்சிலைமடுவில் தோல்வியுற்றதும் நம் மாணவர் பலரும் அறிந்த செய்திகளே. ஆனால் அக்குளக்கட்டுகளின் கீழ் வாழ்ந்த பெண்டிர் எவ்வாறு பிள்ளை பெற்றனர், பெற்றபின் எத்தனைபேர் பிழைத்தனர், பிழையாதோர் எதனால் மாண்டனர் என்பவற்றை வினவினோர் அரியர். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிய தமிழர், கருவோடு இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி நாட்டினர். வழிச்செல்வோர் தலைச்சுமையை இறக்கிவைக்கப் பயன்பட்ட அக்கற்களைக் கண்டோர் பலர். அவை ஒரு மரணக்கணக்கின் எச்சங்கள் என்று கருதினோர் சிலரே.

மகளிரின் மறைவுறுப்புப் பற்றிய நோய்களைக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுதல் தகுமோ என ஐயுறுவாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறலாம். திருச்சிராப்பள்ளியிற் கோயில்கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். காவிரி பெருக்கெடுத்தமையால் தாய் வந்துசேர இயலாத நிலையில் நின்ற இரத்தினாவதி என்னும் பெண்ணுக்கு, இறைவனே அவள் தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது அத்தலத்துப் புராணச் செய்தி. மருத்துவிச்சியின் தொழிலை இறைவன் மேற்கொண்டதாகக் கூறுவதற்கு நாணாத சமயத்தார், அத்தொழிலின் வரலாற்றை ஆராய்தற்கு நாணுதல் பொருந்தாது.

மேலைக்கதையில் ஆறு தடுத்தது. வன்னியிலே தடுத்தவை காடும் தொலைவும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பு மிகக் குறைந்த குடிசனமுடைய நாடு. ஒவ்வொரு குளத்தின் கீழும் சில குடும்பங்கள், இடையே மைல்கணக்கிற் காடு என்பதே அதன் அமைப்பு. மலேரியாக் காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் ஊர்களை அரித்தன. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895ஆம் ஆண்டு வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் இந்நாட்டைப் பற்றிய அரிய கருவூலம். குளங்களையும் வயல்களையும் வழக்கங்களையும் விரித்துரைக்கும் அந்நூலைப் புரட்டுவோர், ஆட்சியாளர் நெல்லைக் கணக்கெடுத்த கவனத்தோடு தாய்மாரைக் கணக்கெடுக்கவில்லை என்பதையும் உணர்வர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 30 மைல். வடபகுதி றெயில்பாதை கொழும்போடு இணைந்த 1905ஆம் ஆண்டின் பின்னரும், பாதையோரம் அல்லாத ஊரார்க்கு மாட்டுவண்டியே ஊர்தி. இடுப்புநோவு கண்ட பெண்ணை அவ்வண்டியில் ஏற்றிக் காட்டுவழியே கொண்டுசெல்வதினும், வீட்டின் புறத்தே கட்டிய கொட்டிலில் மருத்துவிச்சியின் கையில் விடுவதே ஏற்றதென மக்கள் கருதியதில் வியப்பில்லை.

அம்மருத்துவிச்சியரை இகழ்ந்துரைத்தல் எளிது; மேனாட்டு வைத்தியர் பலர் அதனைச் செய்துள்ளனர். பெரும்பாலும் சமுதாயத்தின் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட குடும்பங்களிற் பிறந்த அப்பெண்கள், ஏட்டுக்கல்வி இன்றியே குழந்தையின் கிடை அறிந்தனர். குறுக்கே கிடந்த பிள்ளையை வயிற்றைத் தடவித் திருப்பவல்லாரும் அவருள் இருந்தனர். உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பேசிய ஊரவர் யாவரும் அவர் கைவழியே உலகுக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்து அரசர் காலத்ததாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் வைத்தியநூல் கர்ப்பரோகங்களைத் தனியே எடுத்துப் பேசுகின்றது. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை அச்சேற்றியிராவிடின் அவ்வறிவும் செல்லுக்கு இரையாகியிருக்கும். ஆயினும் நூலறிவு பரியாரிமாரிடத்தும், கையறிவு மருத்துவிச்சியரிடத்துமாகப் பிரிந்தே கிடந்தன. இரண்டும் ஓரிடத்துக் கூடாமற்போனது நம் சாதியமைப்பு விளைத்த கேடுகளுள் ஒன்று.

பிள்ளைபெற்ற வீட்டுக்குத் துடக்கு உண்டு. தாய் 31 நாள் ஒதுங்கியிருப்பாள். வேம்பு, நொச்சி, பாவட்டை முதலிய இலைகள் அவித்த வெந்நீரிற் குளிப்பாள். சரக்கு அரைத்த கறி உண்பாள். இவ்வொழுங்கில் நன்மை இல்லை என்பது மிகையாகும். வயலிலும் அடுப்படியிலும் ஓயாது உழைத்த பெண்ணுக்கு அவ்வொரு மாதமே ஓய்வு. பலர் வந்து தொடாதிருத்தலும் காவலே. மற்றொரு பக்கமும் உண்டு. துடக்குப்படும் துணி பின்னர் ஆகாது என்பதனால் வீட்டிலுள்ள துணிகளுட் பழையனவும் கிழிந்தனவுமே மகப்பேற்றுக்கு ஒதுக்கப்பட்டன. மாதவிலக்குச் சீலைகளோ பிறர் கண்ணிற் படலாகாதென்று வெயில் காணா மூலைகளில் உலர்த்தப்பட்டன. இவ்வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்ததன்று. கொப்பூழ்க்கொடி அறுத்த கருவி நெருப்புக் கண்டதோ இல்லையோ, அஃது அவ்வவ் வீட்டின் வழக்கம். இவற்றுக்கிடையே, துடக்குச் சீலைகளைப் பெற்றுச் சென்ற சலவைத் தொழிலாளர், அவற்றை உவர்மண் இட்டு வெள்ளாவி வைத்து நெடுநேரம் ஆவியில் அவித்தனர். இன்று சத்திரசிகிச்சைத் துணிகளை ஆவியழுத்தத்தால் தூய்மைசெய்யும் முறைக்கு அஃது எவ்வளவு அண்மையது! கிருமியென்னும் சொல்லை அறியாமலே கிருமியை அழித்தோரைத்தான் இச்சமூகம் தீட்டுடையோர் என்றது.

பிள்ளைபெற்ற மூன்றாம் நான்காம் நாளிற் சிலர்க்குக் குளிரும் நடுக்கமும் காணும். அடிவயிறு வீங்கி நோகும், கழிவு நாறும், காய்ச்சல் ஏறிப் பிதற்றுவர், சில நாளில் உயிர் பிரியும். இதனைப் பிரசவ சன்னி என்றனர். குளிர்ந்த நீர் பட்டது, காற்றுப் பட்டது, பேய் பிடித்தது, பத்தியம் முறித்தாள் எனக் காரணம் பல கூறப்பட்டன. இக்காரணங்களைக் கூர்ந்து நோக்கின், பெரும்பாலானவற்றிற் குற்றம் இறந்தவளுடையதாகவே இருத்தல் புலனாகும்.

இவ்வறியாமை வன்னிக்கே உரியதன்று. வியன்னா மாநகரின் பெரிய மருத்துவமனையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்தியரும் மருத்துவ மாணவரும் பணிபுரிந்தனர். இரண்டாவதில் மருத்துவிச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியிற் பிள்ளைபெற்றோருள் 100க்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் விடுதியில் இறந்தோர் 100க்கு 3 பேரினும் குறைவு. ஏழைப்பெண்கள் முதலாம் விடுதியில் தம்மைச் சேர்க்கவேண்டாமென்று அழுது மன்றாடினர். படித்தோர் கையினும் படியாதோர் கை நலமுடைத்து என்பதை அவர்கள் கண்ணாற் கண்டிருந்தனர். இஞ்ஞாசு செம்மல்வைசு என்னும் இளம் வைத்தியர் இதன் காரணத்தைத் தேடினார். பிணமறுக்கும்போது கத்தி பட்டுக் காயமுற்ற அவர் நண்பர் கொலெட்சுக்கா 1847ஆம் ஆண்டு மார்ச்சில் இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட குறிகள் பிரசவ சன்னியில் இறந்த தாய்மாரின் குறிகளையே ஒத்தன. பிணமறுக்கும் அறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்த மாணவரின் கைகளே நஞ்சைக் கொணர்ந்தன எனச் செம்மல்வைசு தெளிந்தார். அவ்வாண்டு மே மாதம் முதல் யாவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென்று விதித்தார். ஏப்பிரிலில் 100க்கு 18 என நின்ற மரணம் யூனில் 100க்கு 2 அளவுக்கு இறங்கிற்று. எனினும், தம் கைகளே கொன்றன என்பதை ஏற்க வைத்தியர் உலகம் ஒருப்படவில்லை. செம்மல்வைசு 1865ஆம் ஆண்டு மனநோயாளர் இல்லமொன்றில் இறந்தார்.

அதே 1847ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நம் நாட்டு இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்த அப்பெரியாரின் தொண்டு இங்கு விரிப்பிற் பெருகும். நம் பொருளுக்கு வேண்டியது ஒன்று. மோன்செல் என்பார் எழுதிய மகப்பேற்று நூலை அவர் 1857ஆம் ஆண்டு பிரசவ வைத்தியம் என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார். செம்மல்வைசு தம் கண்டுபிடிப்பை நூலாக எழுதியது 1861ஆம் ஆண்டிலேயாம். ஆகவே உலகின் பெருநகர்களிலே பிரசவ சன்னியின் காரணம்பற்றிச் சொற்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், மகப்பேற்று மருத்துவநூல் தமிழில் அச்சாகிவிட்டது. உயர்ந்த விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறவியலாது என்று இன்றும் வாதிப்போர் இவ்வாண்டை நினைவிற் கொள்ளுதல் நன்று. மானிப்பாயின் ஒளி பூநகரியையும் மாங்குளத்தையும் அக்காலத்தில் எவ்வளவு எட்டியது என்பது வேறு வினா. கடனீரேரி அகலத்திற் சிறிது, வழக்கத்திற் பெரிது.

1879ஆம் ஆண்டு பாரிசு மருத்துவக் கழகக் கூட்டமொன்றில் ஒரு வைத்தியர் பிரசவ சன்னியின் காரணங்களை விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், லூயி பாஸ்ரர் எழுந்து சென்று, மணிகள் கோத்த மாலைபோன்ற ஓர் உருவைக் கரும்பலகையில் வரைந்து, நோய்க்குக் காரணமாகிய கிருமி இதுவே என்றார். அம்மணிமாலைக் கிருமியையே ஸ்ரெப்ரொகொக்கசு என்பர். இவ்வாறு குற்றவாளி அகப்பட்டான். ஆனால் அவன் எவ்வழி நுழைந்தான் என்னும் வினா எஞ்சியது. பெண்ணின் உடலிலேயே நஞ்சு உறைகின்றது, அதுவே பிரசவத்திற் கிளர்ந்தெழுகின்றது என்று ஒருசாரார் வாதித்தனர். துடக்கென்னும் எண்ணம் மேனாட்டாருக்கும் இருந்தது. அவர்கள் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டனர், அவ்வளவே.

இவ்வினாவை ஆராயப் புகுந்தவருள் அல்பேட் டோடர்லைன் என்னும் செருமானிய வைத்தியர் ஒருவர். யோனிச் சுரப்பும் பிரசவ சன்னியும்பற்றி அவர் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் எதிர்பாராத செய்தியொன்றைக் கூறிற்று. நோயற்ற பெண்களின் யோனியிற் கிருமிகள் இருந்தன, ஆனால் அவை கோல்வடிவின, அமிலம் சுரப்பன, அவ்வமிலத்தில் நோய்க்கிருமிகள் செழிக்கமாட்டா. அக்கோலுயிர்கள் குன்றி அமிலம் தணிந்த இடத்திலேயே மாறுபட்ட கழிவும் பிற கிருமிகளும் காணப்பட்டன. எனவே பெண்ணுடலின் அவ்வாயிலில் இயற்கை ஒரு காவற்படையை நிறுத்தியுள்ளது என்பதே டோடர்லைனின் கண்டுபிடிப்பின் சாரம்.

அக்காவலரை இன்று இலக்ரோபசிலசு என்னும் இனப்பெயரால் வழங்குவர். நம் அடுக்களைகளிற் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களும் இக்குடும்பத்தவையே. பருவமடைந்த பெண்ணின் ஈஸ்ரசன் என்னும் ஓமோன் யோனிச் சுவரின் கலங்களிற் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேர்க்கின்றது. அது சிதைந்து வரும் வெல்லங்களை இந்நுண்ணுயிர்கள் இலக்ரிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அவ்விடத்தின் பி.எச். அளவு ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை நிற்கும்; அதாவது புளித்த தயிரை ஒத்த அமிலத்தன்மை. தயிரை அள்ளி மருந்தாக இடலாம் என்று இதனைப் படித்து எவரும் முடிவுசெய்தல் வேண்டா. தயிரின் உயிர்கள் வேறு, இக்காவலர் வேறு. மாதவிலக்குக் குருதி, பிரசவக் கழிவு ஆகியவை அமிலத்தைத் தணிக்கும். சவர்க்காரமும் கிருமிநாசினி நீரும் கொண்டு உள்ளே அலசுதலோ காவற்படையையே வெளியேற்றிவிடும். தூய்மைசெய்வதாக எண்ணிப் பெண்கள் செய்யும் இச்செயல் நோயை அழைப்பதாக முடிதல் இரங்கத்தக்கது. வெளியே நீரால் கழுவுதல் போதும். உள்ளிடம் தன்னைத் தானே காக்கும்.

பிரசவ சன்னியின் கதையை முடித்தவர்கள் இலண்டனில் ஓர் அண்ணனும் தங்கையுமாவர். டோரா கோல்புறூக் அம்மையார் ஸ்ரெப்ரொகொக்கசின் வகைகளைப் பிரித்தறியும் புதுமுறைகளைக் கொண்டு, நோயுற்ற தாயின் கிருமியும் அவளைப் பராமரித்தோர் முதலியவரின் மூக்கு, தொண்டைகளிலிருந்த கிருமியும் ஒன்றே என்பதைப் பல நோயாளரிடத்து 1935ஆம் ஆண்டளவிற் காட்டினார். அவர் தமையனார் லெனாட் கோல்புறூக் 1936ஆம் ஆண்டு பிறொன்ரோசில் என்னும் சல்பா மருந்தைக் குயீன் சாள்ற் மருத்துவமனையில் வழங்கினார். முன்னர் நால்வரில் ஒருவர் அளவுக்கு மாண்ட அந்நோயில், முதலில் மருந்துபெற்ற 38 பேரில் 3 பேரே இறந்தனர். சில ஆண்டுகளிற் பெனிசிலினும் வந்தது. வியன்னாவில் மாணவர் கை. இலண்டனிற் பராமரித்தோர் மூச்சு. நஞ்சு பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். 1879ஆம் ஆண்டு கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. வடக்கிலே 1898ஆம் ஆண்டு இணுவிலில் மகளிர்க்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. டாக்டர் இசபெல்லா கர் அம்மையார் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். ஆண் வைத்தியரிடம் தம் நோயைக் கூறுவதினும் இறப்பதே மேல் என எண்ணிய பெண்டிர்க்கு, பெண் வைத்தியரும் பெண் தாதியரும் இருந்த அவ்விடம் எத்தகைய அடைக்கலமாக இருந்திருக்கும்! 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்சிபெற்ற மருத்துவிச்சியை ஊர்தோறும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு அடிகோலிற்று. 1930களில் இலங்கையில் 1,000 உயிர்ப்பிறப்புக்கு 20 தாய்மாருக்கு மேல் இறந்தனர். 1950ஆம் ஆண்டளவில் அஃது 6 அளவுக்குக் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, 100,000க்கு 40இலும் குறைவு. ஆசியாவிலே இத்தகைய இறக்கத்தைக் கண்ட நாடுகள் மிகச் சில.

இவ்விறக்கத்துக்குக் காரணம் யாதென்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தவுடன் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா வீழ்ந்ததே காரணம் என்பர் சிலர். மருத்துவிச்சியரும் மருத்துவமனைகளும் பெனிசிலினும் காரணம் என்பர் பிறர். வன்னியை அறிந்தோர்க்கு இவ்வழக்கு அத்துணை முக்கியமாகத் தோன்றாது. மலேரியாவாற் குருதி வெளுத்த தாய்க்குப் பிரசவத்திற் சிறிது இரத்தம் போனாலும் ஆபத்து. சிறிது கிருமி புகுந்தாலும் தாங்காள். இரண்டு வாயில்களையும் ஒருங்கே அடைத்தாலன்றி அவள் பிழையாள். இரணைமடுவின் கீழ் 1930களில் தொடங்கிய குடியேற்றமும், 1950களில் வவுனிக்குளத்திலும் பின்னர் முத்தையன்கட்டிலும் எழுந்த குடியேற்றங்களும் காட்டை வெட்டி வயலாக்கின. அவ்வயல்களின் பின்னே பாதை வந்தது, பாதையிற் பஸ் வந்தது, பஸ்ஸில் வெள்ளையுடுத்த மருத்துவிச்சி வந்தாள். சைக்கிளில் வாய்க்கால் வரம்புகளிற் சென்ற அப்பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதப்படவேண்டும். குளம் கட்டிய பொறியியலாளர் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெண்கள் பெயர் எங்கும் இல்லை.

அரை நூற்றாண்டில் தேடிய இச்செல்வம் போரிலே சிதறியது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டது. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகள் மக்களோடு இடம்பெயர்ந்தன. எறிகணைகள் வீழ்ந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 பெப்ரவரியிற் கைவிடப்பட்டது. புதுமாத்தளனிற் பாடசாலைக் கட்டடமே மருத்துவமனையாயிற்று. பின்னர் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக மருத்துவமனையே. பதுங்குகுழிகளிலே பிள்ளைகள் பிறந்தன. செம்மல்வைசு வேண்டியது ஒரு பாத்திரம் சுண்ணாம்பு நீர். அங்கே குடிக்கவும் நீர் அரிது. பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது, நீருக்கும் கழிப்பிடத்துக்கும் நின்ற வரிசைகளை மறந்தோர் இலர். மறைவாக உடைமாற்றவும் சீலை உலர்த்தவும் இடமின்றி, பகலெல்லாம் சிறுநீரை அடக்கி இரவுக்குக் காத்திருந்த பெண்டிர்க்கு விளைந்த துன்பத்தை எந்தக் கணக்கேட்டிலும் காண இயலாது. செட்டிகுளத்து முகாம் 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மூடப்பட்டது.

இன்று வன்னியிலும் பிரசவங்கள் வைத்தியசாலைகளிலே நிகழ்கின்றன. பிரசவ சன்னி அரிதாயிற்று. ஆயினும் பழைய கதையின் மற்றைப் பாதி முடியவில்லை. அஃது உயிரை உடனே கவராத, ஆகவே பேசப்படாத நோய்களின் கதை. ஊர்வழக்கில் இவையனைத்துக்கும் வெள்ளைபடுதல் என்றும் வெட்டை என்றும் ஒரே பெயர். உடற்சூடே காரணம் என்பது பொதுநம்பிக்கை. இளநீரும் நன்னாரியும் குடித்துக் காத்திருப்பர். உண்மையில் அப்பெயரின் கீழ் வேறுவேறு நோய்கள் உள. இயல்பாகவே தோன்றும் தெளிந்த கசிவு நோயன்று. தயிர்க்கட்டிபோன்ற கழிவும் கடும் அரிப்பும் கன்டிடா என்னும் பூஞ்சணத்தால் வருவன. கர்ப்பிணிகட்கும் நீரிழிவுடையோர்க்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டோர்க்கும் இது மிகுதி. ட்ரைக்கோமோனாசு என்பது ஆண்பெண் சேர்க்கையாற் பரவும் ஓர் ஒற்றைக்கல உயிர். அல்பிரட் டொன்னே என்னும் பிரெஞ்சுக்காரர் 1836ஆம் ஆண்டிலேயே அதனை நுணுக்குக்காட்டியிற் கண்டார். மூன்றாவது, டோடர்லைனின் காவலர் நீங்கிய இடத்திற் பிற பற்றீரியாக்கள் பெருகும் நிலை. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவிற் காட்னர், டியூக்சு என்பார் இதற்குரிய கிருமி ஒன்றைக் கண்டு கூறினர். அது பின்னர் முதலாமவர் பெயரால் காட்னரெல்லா எனப்பட்டது. சாம்பல் நிறக் கழிவும் மீன்வாடையும் இதன் குறிகள். இந்நிலையுற்றோருட் பாதிப்பேர் அளவுக்கு எக்குறியும் தோன்றா. குறைமாதப் பிரசவத்துக்கும் கருப்பை, சூலகக்குழாய் அழற்சிக்கும் இதனோடு தொடர்புண்டு. பிற பாலியல் தொற்றுகளும் இந்நிலையில் எளிதிற் பற்றும். குழாய் அடைபட்டுப் பிள்ளையில்லாதிருக்கும் பெண்ணை மலடி என்று தூற்றும் வழக்கமுள்ள ஊரில், இச்சிறு தொற்றுகள் சிறியன அல்ல.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், நோய்க்குறி எதுவுமற்ற 396 அமெரிக்கப் பெண்களின் யோனி நுண்ணுயிர்கள் மரபணு முறையால் ஆராயப்பட்டன. அவர்களின் நுண்ணுயிர்க் குடிகள் ஐவகையாகப் பிரிந்தன. நான்கு வகைகளில் இலக்ரோபசிலசு இனங்களே மிக்கிருந்தன. ஐந்தாம் வகையில், அதாவது நால்வரில் ஒருவரளவில், அவை மிகாதிருந்தும் அப்பெண்கள் நலமாகவே இருந்தனர். காவற்படை எல்லார்க்கும் ஒரே தன்மைத்தன்று என்பது இதனாற் பெறப்படும். எனவே அயல்வீட்டாளுக்குக் கொடுத்த மருந்தைக் கடையிற் கேட்டு வாங்கி உண்ணுதல் தகாது. பரிசோதித்தே மருந்திடல் வேண்டும்.

பரிசோதிக்க இடம் உண்டா எனின், உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அங்கே கருப்பைக்கழுத்துப் புற்றின் முன்னிலையும் மார்பகமும் குருதியழுத்தமும் பார்க்கப்படும். அப்புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் ஆறாந்தர மாணவியர்க்கு இரு தவணையாகப் பாடசாலைகளிலே ஏற்றப்படுகின்றது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு இலங்கையை அறிவித்தது. 2024ஆம் ஆண்டு மேயில், நெதர்லாந்து நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட மகளிர் சுகநலச் சிறப்பு நிலையம் கிளிநொச்சி வைத்தியசாலையிலே திறக்கப்பட்டது. மாட்டுவண்டிக்கு அஞ்சிக் கொட்டிலிற் பெற்ற பெண்ணின் கொள்ளுப்பேத்திக்கு அது எட்டிய தூரத்தில் உள்ளது.

ஆனால் தொலைவு குறைந்த அளவுக்கு மௌனம் குறையவில்லை. சுகாதாரப் பாடநூலில் இனப்பெருக்கத் தொகுதிபற்றிய பக்கங்கள் வரும்போது, வீட்டிற்சென்று வாசியுங்கள் எனக் கூறி அடுத்த பாடத்துக்குத் தாவும் வகுப்பறைகள் நம்மிடையே பல. வீட்டில் அதனை யார் வாசிப்பிப்பார்? எழுதத் தெரியாத மருத்துவிச்சி இளம்பெண்ணின் காதிற் கூறிய அறிவுரையளவும் இன்று பட்டதாரி ஆசிரியர் கூறுவதில்லை எனின், கல்வி எதனைக் கற்பித்தது? ஆண்கள் கல்லூரியிற் கற்போர்க்கு இஃது உரியதன்று எனக் கருதுவார்க்கு இறுதியாக ஒரு செய்தி கூறுதல் வேண்டும்.

காட்னரெல்லா முதலிய பற்றீரியாக்கள் பெருகும் மேற்கூறிய நிலைக்கு மெற்றொனிடசோல் என்னும் மருந்து வழங்கப்படுகின்றது. குணமான பெண்களுட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அஃது ஓராண்டுக்குள் மீளவும் வருவதை வைத்தியர் நெடுங்காலமாகக் கண்டு மயங்கினர். அவள் தூய்மை போதாது என்றே பல வீடுகளில் முடிவுசெய்யப்பட்டது. அவுஸ்திரேலியாவில் 164 இணையரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. ஒருசாராரிற் பெண்ணுக்கு மட்டும் மருந்திடப்பட்டது. மற்றொரு சாராரிற் கணவனாகிய ஆணுக்கும் மருந்திடப்பட்டது. 12 வாரங்களுள் முதற்சாராரில் 100க்கு 63 பேர்க்கும், இரண்டாம் சாராரில் 100க்கு 35 பேர்க்குமே அந்நிலை மீண்டது. வேறுபாடு மிகத் தெளிவாயிருந்தமையால் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. எக்குறியுமின்றி அப்பற்றீரியாக்களைச் சுமந்து மனைவிக்கு மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டிருந்தவன் ஆடவனே. கிளினிக்குக்கு மனைவியை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிவந்து, உள்ளே நுழையாமல் வேப்பமர நிழலிற் காத்துநிற்கும் ஆடவர்க்கும் அங்கே வேலை உண்டு என்பதை இவ்வாய்வு காட்டிற்று. அவ்வாய்வில் ஆடவர்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை பெரிதொன்றுமன்று: ஏழு நாட்கள் உண்ணும் மாத்திரையும், அதே ஏழு நாட்கள் பூசும் களிம்புமே.